பேரரசு எதனால் நிலைத்தது என்று கேட்கக் கற்பியுங்கள்

பேராக் மாநிலத்தின் தமிழ்ப்பள்ளிகளிலும் இடைநிலைப்பள்ளிகளிலும் வரலாறு கற்பிக்கும் ஆசிரியப் பெருமக்களுக்கு,

உங்கள் வகுப்பில் அமரும் பதினொன்று முதல் பதினைந்து வயது வரையிலான மாணவர்கள் சோழப் பேரரசைப் பற்றி ஒன்றும் அறியாதவர்களாக வருவதில்லை. கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ 2022, 2023ஆம் ஆண்டுகளில் திரைப்படமாக வந்ததும், கோயில் திருவிழா மேடைகளில் ‘கடாரம் கொண்டான்’ என்ற பட்டம் முழங்கப்படுவதும், கைப்பேசிகளில் புலிக்கொடிப் படங்கள் வலம் வருவதும் சேர்ந்து, பாடநூலைத் திறப்பதற்கு முன்பே ஒரு சோழ வரலாற்றை அவர்களுடைய மனத்தில் எழுதிவிடுகின்றன. மன்னன் வீரன், படை பெரிது, கப்பல்கள் பல, கோயில் உயரம் என்பதற்கு மேல் அந்த வரலாற்றில் அதிகம் இல்லை. அப்பேரரசு ஏன் வெற்றி பெற்றது என்ற வினாவுக்கு ‘மன்னர்கள் வீரர்கள்’ என்று ஒரு மாணவர் எழுதினால் அதற்கு முழு மதிப்பெண் கொடுத்து நகர்ந்துவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்வதற்காகவே இம்மடல் உங்களுக்கு எழுதப்படுகிறது.

வீரம் ஒரு புகழ்ச்சி. அதைக் காரணமாகக் கொள்ள முடியுமா என்று சோதித்துப் பார்க்க நீங்கள் வகுப்பில் எடுத்துக்கொள்ளத்தக்க நிகழ்ச்சி 949ஆம் ஆண்டின் தக்கோலப் போர். முதலாம் பராந்தகனின் பட்டத்து இளவரசனான இராசாதித்தன், இராட்டிரகூட மன்னன் மூன்றாம் கிருட்டிணனுடன் பொருது, யானை மீதிருந்தபடியே உயிர்நீத்தான். பின்வந்த கல்வெட்டுகள் அவனை ‘ஆனைமேல் துஞ்சினார்’ என்று குறிக்கின்றன. அவனுடைய வீரத்தில் குறை சொல்ல யாராலும் இயலாது, ஆயினும் சோழர் தோற்றனர், வடக்கே தொண்டை மண்டலம் கைநழுவியது. அப்படித் தோற்ற அரசு, நாற்பது ஆண்டுகள் செல்வதற்குள், 985இல் முடிசூடிய முதலாம் இராசராசன் காலத்தில் முன்னைவிடப் பெரிதாக எழுந்தது எவ்வாறு என்ற கேள்வியை மாணவர் முன் வைத்துப் பாருங்கள். தோல்வியிலும் சோழர் இழக்காத ஒன்று இருந்தது என்பதும், அது காவிரியின் கழிமுகச் சமவெளி என்பதும், அதாவது ஆறு பல கிளைகளாகப் பிரிந்து வண்டல் சேர்க்கும் தஞ்சைப் பகுதியும் அங்கு விளைந்த நெல்லும் என்பதும் அவர்களே கண்டடையத்தக்க விடையாகும்.

நெல்லும் நீரும் அரசாவது எப்படி என்பதை ரப்பர்த் தோட்டத்திலும் செம்பனைக் காட்டிலும் வளர்ந்த குடும்பங்களின் பிள்ளைகளுக்கு விளக்குவது எளிதன்று என்று நீங்கள் கருதலாம். ஆனால் உங்கள் மாநிலத்தின் வடமேற்குக் கோடியிலேயே, பாகான் செராய், பாரிட் புந்தார் ஊர்களைச் சூழ்ந்த கிரியான் வயல்வெளி இருக்கிறது. அதற்கு நீர் தரும் புக்கிட் மேரா நீர்த்தேக்கத்தை ஆங்கில அரசு 1906ஆம் ஆண்டில் கட்டி முடித்தது. ஓர் அரசு எதற்காகப் பெரும் பணம் செலவிட்டு ஓர் அணையைக் கட்டுகிறது, அந்த நீரால் யாருக்கு உணவு கிடைத்தது, யாருக்கு வரி கிடைத்தது என்று அங்கே கேட்கப் பழகிய மாணவர், பராந்தகன் காலத்து வீரநாராயண ஏரியை, இன்று வீராணம் என வழங்குவதை, வெறும் பெயராக மனப்பாடம் செய்யமாட்டார். ஏரியின் நீரைத் திறந்து அடைக்கும் மதகு அமைப்பாகிய குமிழித் தூம்பும், ஊரார் ஏரியைத் தூர்வாரிக் காக்க அமைத்த ஏரி வாரியமும், அதன் செலவுக்குத் தண்டிய ஏரி ஆயமும் போர்க்களங்களைவிடச் சிறிய செய்திகளாகத் தோன்றலாம். அவை ஆண்டுதோறும் நடந்தவை என்பதையும், போர்கள் எப்போதோ நடந்தவை என்பதையும் நீங்கள் சுட்டிக்காட்டினால் போதும்.

நீரை அடுத்து வருவது அளவு. இராசராசன் 1001ஆம் ஆண்டையொட்டித் தன் நாட்டின் நிலங்களை அளக்கச் செய்தான், முதலாம் குலோத்துங்கன் 1086இல் மீண்டும் அளக்கச் செய்தான். அளவுகோலுக்கே ‘உலகளந்த கோல்’ என்ற பெயர் வழங்கியது. நிலவரிக் கணக்கைப் பேணிய மைய அலுவலகத்தைப் புரவுவரித் திணைக்களம் என்றனர். புரவு என்பது வரி கொடுக்க வேண்டிய நிலம். ஒரு வேலி நிலத்தை முந்நூற்று இருபதாகப் பகுத்தால் ஒரு முந்திரி, அந்த முந்திரியையும் முந்நூற்று இருபதாகப் பகுத்தால் ஒரு கீழ்முந்திரி. பிற்கால வழக்குப்படி ஒரு வேலியை ஏறத்தாழ ஆறரை ஏக்கர் என்று கொண்டால், முந்திரி ஒன்று சுமார் 900 சதுர அடியாகவும், கீழ்முந்திரி ஒன்று மூன்று சதுர அடிக்கும் குறைவாகவும், மாணவர் எழுதும் மேசைப் பலகையைப் போலச் சிறியதாகவும் வரும். இந்தக் கணக்கைப் பள்ளித் திடலில் கயிறும் கோலும் கொண்டு ஒரு பிற்பகல் அளந்து பார்க்கச் செய்யுங்கள். மேசையளவு நிலத்துக்கும் கணக்கு எழுதிய அரசுக்குத் தன் வருவாய் எவ்வளவு என்று முன்கூட்டியே தெரியும், வருவாய் தெரிந்த அரசே படைக்கும் கோயிலுக்கும் கால்வாய்க்கும் இவ்வளவு என்று ஒதுக்க முடியும் என்ற தொடர்பு அப்போது தானே விளங்கும். கணித ஆசிரியரும் உங்களுக்கு நன்றி சொல்வார்.

ஊராட்சியைப் பற்றிக் கற்பிக்கும்போது உங்களிடம் ஓர் எச்சரிக்கையை எதிர்பார்க்க வேண்டியிருக்கிறது. முதலாம் பராந்தகன் காலத்தில், 919, 921ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட உத்திரமேரூர்க் கல்வெட்டுகள், ஊரின் முப்பது குடும்புகளிலிருந்து, அதாவது தொகுதிகளிலிருந்து, பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் இட்டு வாரிய உறுப்பினர்களைத் தெரிந்தெடுக்கும் குடவோலை முறையைச் சொல்கின்றன. இதை உலகின் முதல் மக்களாட்சி என்று முழங்குவது நம் மேடைகளின் வழக்கமாகிவிட்டது. அதே கல்வெட்டு, போட்டியிடுபவருக்கு வரி செலுத்தும் கால் வேலிக்கு மேற்பட்ட நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வேதக் கல்வி வேண்டும், வயது முப்பத்தைந்துக்கு மேலும் எழுபதுக்குக் கீழும் இருக்க வேண்டும் என்றும் விதிக்கிறது. அந்தச் சபையே பிராமணர்களுக்குக் கொடையாகத் தரப்பட்ட ஊரின் சபை. உழவர் ஊர்களில் ஊர் என்றும், வணிகர் ஊர்களில் நகரம் என்றும் வேறு அவைகள் இருந்தன. இவற்றையெல்லாம் மறைத்துப் பெருமை மட்டும் கற்பித்தால், பின்னாளில் முழுக் கல்வெட்டையும் படிக்கும் மாணவர் தம் ஆசிரியரை நம்பமாட்டார். அக்கல்வெட்டில் உண்மையாகவே வியக்கத்தக்க விதி ஒன்று உண்டு: முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டத் தவறியவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் மீண்டும் வாரியத்தில் இடம்பெற முடியாது. பேரரசின் உறுதிக்கு ஒரு காரணம் வேண்டுமானால், குடத்தைவிட இந்தக் கணக்கு விதி அதற்கு நெருங்கியது என்றே கொள்ளலாம்.

1010ஆம் ஆண்டில் நிறைவுற்ற தஞ்சைப் பெரிய கோயிலையும் அதன் உயரத்தால் மட்டும் அறிமுகம் செய்யாதீர்கள். அதன் சுவர்களில் உள்ள கல்வெட்டுகள், எந்த ஊரிலிருந்து எவ்வளவு நெல் வர வேண்டும், ஒரு நந்தா விளக்குக்கு நெய் தரத் தொண்ணூற்றாறு ஆடுகள் யாரிடம் ஒப்படைக்கப்பட்டன, பிற கோயில்களிலிருந்து கொண்டுவரப்பட்ட நானூறு தளிச்சேரிப் பெண்டுகளுக்கு, அதாவது ஆடலுக்கும் கோயிற் பணிக்கும் அமர்த்தப்பட்ட பெண்களுக்கு, ஆளுக்கு ஒரு வீடும் ஆண்டுக்கு நூறு கலம் நெல்லும் எப்படி வழங்கப்பட்டன என்பனவற்றைப் பதிவு செய்கின்றன. கோயிற்பணம் ஊர்ச்சபைகளுக்கு ஆண்டுக்கு நூற்றுக்குப் பன்னிரண்டரை வட்டியில் கடனாகத் தரப்பட்டது. அரசன், கோயில், ஊர், இடையர், உழவர் ஆகியோரை ஒரே கொடுக்கல் வாங்கலில் பிணைத்த நிறுவனம் அது. தலைநகரத்தின் ஆணை ஊர் வரை செல்வதற்கு அந்தப் பிணைப்பு வழி செய்தது.

இந்த விளக்கங்களில் அறிஞர்கள் ஒருமித்த கருத்துடையவர்களும் அல்லர் என்பதை மேல்வகுப்பு மாணவர்களிடம் மறைக்க வேண்டியதில்லை. நீலகண்ட சாஸ்திரி வலிமை மிக்க மைய அரசைக் கண்டார். பர்ட்டன் ஸ்டைன் 1980இல் வெளியிட்ட நூலில், நாடுகள் எனப்பட்ட உழவர் வட்டாரங்களே உண்மையில் ஆட்சி நடத்தின என்றும் மன்னனின் மேலாண்மை பெரிதும் சடங்கு சார்ந்தது என்றும் வாதிட்டார். நொபொரு கராஷிமாவும் எ. சுப்பராயலுவும் ஆயிரக்கணக்கான கல்வெட்டுச் சொற்களை எண்ணித் தொகுத்து, அதிகாரிகளின் பட்டங்களும் வரிப் பெயர்களும் எப்போது பெருகின, எப்போது குறைந்தன என்று காட்டினர். இத்தகைய ஆய்வு இந்நாட்டுக்குப் புதியதும் அன்று. முதல் உலகத் தமிழ் ஆராய்ச்சி மாநாடு 1966ஆம் ஆண்டு கோலாலம்பூரில்தான், மலாயாப் பல்கலைக்கழகத்தின் தனிநாயக அடிகளின் முயற்சியால் கூடியது.

இனிக் கடாரம். இதில்தான் உங்கள் பொறுப்பு தமிழ்நாட்டு ஆசிரியரின் பொறுப்பைவிடக் கடினமாகிறது, ஏனெனில் தஞ்சையில் இருந்து பார்க்கும்போது கடாரம் கடலுக்கு அப்பால் வெல்லப்பட்ட ஊர். ஈப்போவிலிருந்து பார்க்கும்போது அது வடக்கே சில மணி நேரப் பயணத்தில் இருக்கும் கெடா. 1025ஆம் ஆண்டுப் படையெடுப்பை விவரிக்கும் முதலாம் இராசேந்திரனின் மெய்க்கீர்த்தி, அதாவது கல்வெட்டின் தொடக்கத்தில் வரும் புகழுரை, ஸ்ரீவிஜயம், பண்ணை, இலங்காசோகம், மாதமாலிங்கம், இலாமுரிதேசம், நக்கவாரம், கடாரம் உள்ளிட்ட பதின்மூன்று இடங்களை அடுக்குகிறது. அதைத் தொடர்ந்து இங்கே சோழ அதிகாரிகள் அமர்ந்து நிலம் அளந்ததற்கோ வரி தண்டியதற்கோ சான்று கிடைக்கவில்லை. ஆகவே அது நாடு பிடித்த போரைவிட, சீனத்துடனான கடல்வழி வணிகத்தில் ஸ்ரீவிஜயத்தின் பிடியைத் தளர்த்திய பெருந்தாக்குதலாகவே தெரிகிறது. அதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்னர் அதே கடாரத்து அரசர் நாகப்பட்டினத்தில் சூளாமணி விகாரம் என்ற பௌத்தப் பள்ளியை எழுப்ப, இராசராசன் அதற்கு ஆனைமங்கலம் ஊரின் வருவாயைக் கொடுத்தான். 1090இல் குலோத்துங்கன் கடாரத்தாரின் வேண்டுகோளை ஏற்று அக்கொடையைப் புதுப்பித்தான். இவை இரண்டும் இலைடன் செப்பேடுகளில் உள்ளன. சுமத்திராவின் பாருஸ் பகுதியில் 1088ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டை விட்டுச்சென்றவர்களும் படைவீரர்கள் அல்லர், ஐந்நூற்றுவர் என்னும் வணிகக் குழுவினர். நட்பு, தாக்குதல், மீண்டும் நட்பு, இடையறாத வணிகம் என்ற இந்த வரிசையைக் கற்பிக்கும் ஆசிரியர், பக்கத்து இருக்கையில் அமரும் மலாய் மாணவரைத் தோற்றவராகவும் தமிழ் மாணவரை வென்றவராகவும் நிறுத்தமாட்டார்.

உங்கள் மாநிலமே இதற்கு நல்ல சான்றுக்களம். மலாய் மரபு வரலாறான ‘செஜாரா மெலாயு’, சோழரை நினைவூட்டும் பெயருடைய அரசன் ஒருவன் படையோடு வந்து கங்கா நகாராவைத் தாக்கியதாகக் கூறுகிறது. அந்த அரசை மஞ்சோங் பகுதியின் புருவாஸ் வட்டாரத்தோடு இணைப்பது வழக்கம். ஆனால் இராசேந்திரனின் பதின்மூன்று பெயர்களில் கங்கா நகாரா இல்லை. நூற்றாண்டுகள் பிந்தி எழுதப்பட்ட கதையும், வென்றவரே வெட்டிய கல்வெட்டும் முரண்படும்போது எதை எந்த அளவுக்கு நம்புவது என்பதைப் படிவம் இரண்டு மாணவர் விவாதிக்க இதைவிடப் பொருத்தமான பொருள் கிடைக்காது. பீடோரில் ஈயச் சுரங்கத்திலிருந்து 1936இல் வெளிப்பட்ட அவலோகிதேசுவரர் வெண்கலச் சிலை இன்று கோலாலம்பூர்த் தேசிய அரும்பொருளகத்தில் இருக்கிறது. கிந்தாப் பள்ளத்தாக்கின் பிள்ளைகளில் பலர் அதைக் கேள்விப்பட்டதே இல்லை என்பது வருந்தத்தக்கது. அண்டை மாநிலமான கெடாவில், பூஜாங் பள்ளத்தாக்கின் பதினொன்றாம் எண் சண்டி, அதாவது பழைய கோயிலின் அடித்தளம், 2013ஆம் ஆண்டு வீடமைப்புத் திட்டப் பணியில் இடிக்கப்பட்ட பின்னரே நாட்டில் பலர் அப்பெயரைக் கேட்டனர்.

வெற்றிக்கு விலை கொடுத்தவர் யார் என்ற கேள்வி இல்லாமல் இப்பாடம் நிறைவுறாது, அதைக் கேட்கும் உரிமை உங்கள் மாணவருக்கு எல்லாரையும்விட அதிகம். ஏரியும் கால்வாயும் சீர்செய்ய ஊதியமின்றி வேலை வாங்கிய வெட்டி என்னும் கடமையும், ஊரின் நிலவகைகளைப் பட்டியலிடுகையில் பறைச்சேரி, தீண்டாச்சேரி என்று ஒதுக்குப்புறக் குடியிருப்புகளைக் குறிக்கும் வரிகளும் அதே பெருமைக்குரிய கல்வெட்டுகளில் இருக்கின்றன. 993இல் தொடங்கிய ஈழப் படையெடுப்பின்போது அநுராதபுரத்தின் விகாரங்கள் சூறையாடப்பட்டதைச் சிங்கள வரலாற்று மரபு மறக்கவில்லை. 1070இல் விசயபாகு சோழரை அத்தீவிலிருந்து வெளியேற்றினான். காவிரிக்கரையில் நானூறு ஆண்டுகளுக்கு மேல் நிலைத்த ஆட்சி அங்கே எண்பது ஆண்டுகளைக்கூட எட்டவில்லை என்ற ஒப்பீடே, வாளால் பெற்றதற்கும் நீராலும் கணக்காலும் பெற்றதற்கும் உள்ள வேறுபாட்டைக் காட்டிவிடும். 

உங்கள் மாணவரின் பாட்டன் பாட்டிகள் ஆங்கிலப் பேரரசு என்ற வேறொரு பேரரசின் கணக்கேட்டில் எழுதப்பட்டவர்கள். 1877இல் கோலகங்சாரில் நடப்பட்ட ரப்பர்க் கன்றுகளில் தொடங்கி, நில அளவை, ரயில் பாதை, 1907இல் அமைந்த இந்தியக் குடியேற்றக் குழு, கங்காணி, பெரட்டுக்களம், லயம், கிராணியின் செக்ரோல் என்று விரிந்த ஓர் ஏற்பாடு, தஞ்சாவூர், திருச்சி, சேலம், வட ஆர்க்காட்டு மக்களை நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேற்றிப் பினாங்கில் இறக்கியது. சூளாமணி விகாரம் நின்ற அதே நாகப்பட்டினம்தான் அது. இந்தப் பேரரசு வெற்றி பெற்றது எதனால், அந்த வெற்றியில் பால்மரம் சீவியவரின் பங்கு என்ன, கூலி என்ன என்று தம் வீட்டு முதியவரிடம் கேட்டு எழுதிவரும் மாணவர், உத்திரமேரூர்ச் சபையில் இடமில்லாதிருந்தவரைப் பற்றியும் தஞ்சைக் கோயிலுக்கு நெல் அளந்தவரைப் பற்றியும் கேட்காமல் இருக்கமாட்டார். தோட்டங்கள் வீட்டுமனைகளாகவும் செம்பனைக் காடுகளாகவும் மாறி, அங்கு வாழ்ந்த முதியவர்கள் ஆண்டுக்காண்டு குறைந்துவரும் நிலையில், இந்தப் பயிற்சியைத் தள்ளிப்போட இனி நேரமில்லை.

பாடத்திட்டம் இடம் தராது, நேரம் போதாது, இடைநிலைப்பள்ளியில் வரலாறு மலாய் மொழியில் அல்லவா நடக்கிறது என்று நீங்கள் சொல்லக்கூடும். இக்குறைகள் மெய்யானவை, அவற்றுக்கு நீங்கள் காரணரும் அல்லர். ஆயினும் நான்காம் ஆண்டிலிருந்து வரலாறு தனிப்பாடமாக உள்ளது. யுபிஎஸ்ஆர் தேர்வு 2021இலும் பிடி3 தேர்வு 2022இலும் நீக்கப்பட்டபின் வகுப்பறை மதிப்பீட்டில் வினாவை அமைக்கும் உரிமை பெருமளவு உங்கள் கைக்கே வந்திருக்கிறது. படிவம் ஒன்றில் பண்டைய இந்திய நாகரிகமும் படிவம் இரண்டில் மலாய் உலகின் பழைய அரசுகளும் பாடமாக உள்ளன. ஒரு பேரரசின் வெற்றிக்குக் காரணம் தேடும் முறையைச் சோழரில் பயின்றவர் ஸ்ரீவிஜயத்துக்கும் மலாக்காவுக்கும் ரோமுக்கும் அதையே பயன்படுத்துவார். எஸ்பிஎம் தேர்வில் 2013 முதல் வரலாற்றில் தேர்ச்சி கட்டாயம் என்பதால் அது வீணாகும் உழைப்பும் அன்று. மலாய் மொழி வகுப்பில் இயலாததைத் தமிழ்மொழிக் கழகத்தின் கூட்டத்தில் செய்யலாம்.

ஆகவே உங்களிடம் கேட்கப்படுவது இவ்வளவே. வரும் பள்ளி ஆண்டில் சோழர் பாடத்துக்கோ தமிழ்மொழிக் கழக நிகழ்ச்சிக்கோ நீங்கள் ஒதுக்கும் நேரத்தில், மாறுவேடப் போட்டிக்கும் வீரவுரைக்கும் செலவாகும் பங்கைக் குறைத்து, ஒரு கல்வெட்டின் சில வரிகளையாவது எளிய தமிழில் மாணவர் கையில் கொடுங்கள். திடலில் ஒரு முந்திரி நிலத்தை அளக்கச் செய்யுங்கள். சுற்றுலா நிதியில் ஒரு முறையேனும் கேளிக்கைப் பூங்காவை விட்டுப் புருவாஸ் அரும்பொருளகத்துக்கோ புக்கிட் மேரா அணைக்கோ பேருந்தைத் திருப்புங்கள். ஈப்போ, சுங்கை சிப்புட், தெலுக் இந்தான் எனப் பிரிந்து கிடக்கும் நீங்கள் இதற்கென உருவாக்கும் பயிற்சித்தாள்களை ஒருவருக்கொருவர் பகிர்ந்துகொள்ளுங்கள். ஆண்டிறுதி வினாத்தாளில், ‘சோழ மன்னர்களின் வெற்றிகளை எழுதுக’ என்ற வினா இருக்கும் இடத்தில், ‘தக்கோலத்தில் தோற்ற சோழ அரசு மீண்டும் எழுந்தது எதனால்? அதற்கு உழைத்தவர் யார்?’ என்ற வினாவை இடுங்கள்.